பனியில் நசியாத எலுமிச்சம்பழம்

1

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பேனையை எடுப்பேன். எட்டாம் வகுப்போடு கராஜுக்குப் போனவனுக்கு என்ன எழுத்து வேண்டிக்கிடக்கு என்று மனம் சொல்லும். வைத்துவிடுவேன். தற்பெருமையாகப் போய்விடுமோ என்ற கூச்சமும் இருந்தது. போன வெள்ளிக்கிழமை ஒரு தம்பி அந்தக் கூச்சத்தைத் தீர்த்துவைத்தார்.

இங்கே மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வெள்ளிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துச் சுவாமி படங்களை வைத்துப் பஜனை செய்கிறோம். பூசை முடிந்து கடலையும் கையுமாக நின்றபோது, எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் என்னிடம் ஆவலாகக் கேட்டார்.

"அண்ணே, ரானுயி பக்கம் ஒரு சிலோன்காரர் இருக்காராமே. பனியில ஓடுற வண்டி ஒண்ணு, எந்த மெக்கானிக்காலயும் சரி பண்ண முடியலையாம். இவர் போயி விபூதி போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கினாராம். வண்டி அம்பு மாதிரி போச்சாம்!"

"ஆர் தம்பி சொன்னது?"

"எல்லாருமே சொல்றாங்க. நீங்களும் ரானுயி தானே? அவரைப் பாத்திருக்கீங்களா?"

"ஓம். முகம் வழிக்கேக்க கண்ணாடியில பார்க்கிறனான்."

அவருக்கு விளங்கவில்லை. மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் கடலையைச் சாப்பிட்டார்.

காரில் வரும்போது மனைவி தவமணியிடம் சொன்னேன். "அப்பிடிச் சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? சுவாமிக்குத்தானே பேர்" என்றாள்.

"சுவாமிக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லையப்பா" என்றேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைக் கும்பிட்டுவிட்டு எழுதத் தொடங்கினேன். ஊரில் இருந்து வாசிக்கிற நீங்கள் பிழை பொறுக்க வேண்டும்.

2

என் பெயர் கனகசபை. சாவகச்சேரியில் லொறி கராஜில் வேலை பார்த்தவன். இங்கே நான் வேலை செய்த இடத்தின் முதலாளி ரொன் அந்தப் பெயரைக் 'கென்' என்று சுருக்கிவிட்டார். ரொன் ஆறடிக்கு மேல் உயரம். குளிர்காலத்திலும் அரைக் காற்சட்டைதான். எந்த வண்டியையும் 'அவள்' என்றுதான் சொல்வார். முதல் கிழமை, "அவள் இன்றைக்குச் சரியில்லை, கென்" என்று அவர் பெருமூச்சு விட்டபோது நான் அவருடைய மனைவிக்குச் சுகமில்லையாக்கும் என்று நினைத்து, மனதுக்குள் பிள்ளையாரிடம் சொல்லிவைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது புல்லு வெட்டும் மெஷின்.

புல்லு வெட்டும் மெஷின், பண்ணை மோட்டார் சைக்கிள், படகு எஞ்சின் எல்லாம் அங்கே வரும். தெற்கே, காரில் நாலைந்து மணித்தியாலத் தூரத்தில், பனி விழும் மலை ஒன்று இருக்கிறது. அங்கே சனங்கள் சறுக்கி விளையாடப் போவார்கள். அந்தச் சறுக்கு இடத்தை நடத்துகிற மலை ஆட்களின் பனிவண்டிகளும் எங்களிடம்தான் வரும். ஸ்னோமொபைல் என்பார்கள். மோட்டார் சைக்கிள் போல ஏறி இருந்து கைபிடியால் திருப்ப வேண்டும். ஆனால் சில்லு இல்லை. பின்னால் அகலமான ரப்பர் பட்டி ஒன்று சுழன்று தள்ளும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், நுனி வளைந்து, கோயில் பாதக்குறடு மாதிரி. கைபிடியிலிருந்து வரும் இரும்புத் தண்டு இரண்டு அந்தக் கட்டைகளைத் திருப்பும்.

எனக்கு அப்போது இருந்த ஒரே கவலை மூத்தவள் சுகந்தி. நாங்கள் இளையவள் வானதியோடு புறப்பட்ட நேரம் அவள் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தாள். சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டுவிட்டது. அவள் ஒருமாதிரிக் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் இங்கே. வெள்ளவத்தையில் தவமணியின் ஒன்றுவிட்ட அக்காவோடு ஓர் அறையில் இருந்தாள். சுற்றிவளைப்பு, விசாரணை, பதிவு என்று ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்று. நாங்கள் டெலிபோன் எடுத்தால், கேட்பதற்கு முன்பே "நான் சுகம் அப்பா" என்பாள். அந்த அவசரத்திலேயே எங்களுக்கு விளங்கிவிடும்.

அவளைக் கூப்பிட இமிகிரேசனுக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி, "உங்கள் வேலை நிரந்தரமா?" என்று கேட்டார்.

"ஓம், ஒவ்வொரு நாளும் போறன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நிரந்தரம் என்றால் என்ன, முதலாளியிடமிருந்து எப்படிக் கடிதம் வர வேண்டும் என்று பொறுமையாக ஒரு துண்டில் எழுதித் தந்தார். நான் எழும்பியபோது தானும் எழும்பி வந்து கதவைத் திறந்துவிட்டார். ஊரில் எந்தக் கந்தோரிலும் எனக்கு ஒருவர் கதவு திறந்ததில்லை. அந்தக் கதவை இன்றும் நினைப்பேன்.

ரொன்னிடம் கடிதம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "மேட், மலை ஆட்கள் அடுத்த வருசமும் என்னட்டை வேலை தந்தால்தான் இரண்டாவது ஆளை நான் வைச்சிருக்கலாம். இந்தக் குளிர்காலம் முடியட்டும். அவை ஓம் எண்டால் அண்டைக்கே கடிதம்" என்றார். அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். எனக்குக் கேட்டது எங்கள் பேச்சில் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

ஆக, என் பிள்ளை வருவது அந்த மலை வண்டிகளின் கையில் இருந்தது.

3

வண்டிகளில் ஒன்று மட்டும் சொல் கேட்கவில்லை. அது காயப்பட்டவர்களை இறக்கும் வண்டி. பின்னால் ஒரு சறுக்குப் படுக்கையைக் கொளுவி, கால் முறிந்தவர்களைப் படுக்கவைத்துக் கீழே கொண்டுவருவார்கள். அதை ஓட்டுகிறவள் மெரே. மலையின் காவல்படையில் வேலை செய்யும், இந்த நாட்டின் ஆதிக்குடியான மாவோரிப் பெண். சின்ன உருவம், என் தோளுக்கும் வரமாட்டாள்.

வண்டி பாதையில் நேராகப் போகாமல் இடப்பக்கம் இழுக்கிறது, திருத்தினால் வலப்பக்கம் பாய்கிறது என்பது முறைப்பாடு. முன்பகுதியை நான் செய்கிறேன் என்று நானே ரொன்னிடம் கேட்டு வாங்கினேன். லொறிச் சில்லுக்கு நூல் பிடித்த கைதானே. பின்பட்டியோடு ஒட்டி முன்னுக்கு நூல் கட்டி, இரண்டு கட்டையும் அந்த நூலுக்கு நேராக நிற்கிறதா, நுனி மட்டும் ஒரு மயிரளவு வெளியே விரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த விரிவு வேண்டும். நுனிகள் உள்ளுக்குக் கூடினால் பனியில் வண்டி வெறிகாரன் மாதிரி நடக்கும். தண்டின் நட்டைத் தளர்த்தி, முறுக்கி, திரும்ப இறுக்கி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் செய்து அனுப்பினேன்.

திரும்பி வந்தது. அதே முறைப்பாடு.

மறுபடி செய்தேன். ரொன் தன் இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பிழை சொல்ல ஒண்டுமில்லை" என்றார். அனுப்பினோம். மறுபடியும் மலையிலிருந்து டெலிபோன். ரொன் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "அது என்ரை பிழை. ஓம், என்ரைதான்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வேலை செய்தது நான். என் பெயர் அவர் வாயில் வரவில்லை. வைத்துவிட்டு வந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னொருக்காப் பிழைச்சால் எல்லா வண்டியையும் வேற இடத்துக்குக் குடுக்கப் போகினமாம்."

வீட்டில் வந்து சொன்னபோது தவமணி அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள். பிறகு, "பிள்ளையாரிட்டை நான் சொல்லியாச்சு. அவர் தன்ரை பாட்டைப் பார்ப்பார். நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ. வடிவாப் பார்த்தனீங்களோ?" என்றாள்.

"நூல் பிழைக்காதப்பா."

"நூல் பிழைக்காட்டி ஏன் வண்டி பிழைக்குது?"

வானதி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "டாட், இட்ஸ் ஜஸ்ட் அ மெஷின்" என்றாள். அக்காவின் குரலையே டெலிபோனில் கேட்டு அடையாளம் பிடிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளை. அவளில் பிழை இல்லை. அன்றைக்கு அந்தச் சொல் எனக்குக் குத்தியது.

4

அந்தச் சனிக்கிழமை மெரே தானே வந்தாள். வண்டியை ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு, மழைக்குள் தனியாக ஓட்டி வந்திருந்தாள். ஏசப் போகிறாள் என்று நான் மரம் போல் நின்றேன். அவள் எனக்குக் கைதந்து, "உங்களைக் குறை சொல்ல வரேல்லை. இந்த வண்டி என்னோட மட்டும் ஏன் கோவிக்குது எண்டு தெரியவேணும்" என்றாள்.

"உம்மோடை மட்டுமோ?"

"ஓம். மற்றப் பெடியள் ஓட்டினால் கொஞ்சம்தான் இழுக்கும். நான் ஓட்டினால் பேய். மலையில ஒடுக்கமான பாதை ஒண்டு இருக்கு. ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் பள்ளம். போன கிழமை ஒரு சின்னப் பிள்ளையைப் பின்னால படுக்கவைச்சுக்கொண்டு வந்தன். என்ரை கையை நம்ப முடியாமல் இறங்கி, வண்டியைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்தன். பிள்ளை குளிரில நடுங்கினது."

நான் மறுபடி நூல் கட்டிக் காட்டினேன். கட்டைகளுக்கு அடியில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பலகை வைத்திருந்தேன், சீமெந்தில் சிக்காமல் தானாக நிற்கட்டும் என்று. எல்லாம் நேர். மெரே எண்ணெய் ஊறிய தரையில், போட்டிருந்த நல்ல ஜக்கெட்டோடு குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி நூலைப் பார்த்தாள். "நேர்தான்" என்றாள். எழும்பி, என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் இதில ஏறி இருந்து பார்த்தனீங்களோ?"

"இல்லை."

"ஒருக்காலும்?"

ரொன் சிரித்தார். "இவன் ஏறமாட்டான். நானும் கேட்கவேணும் எண்டு கனநாளா நினைச்சனான். எந்த வண்டியிலயும் இருக்கமாட்டான். பக்கத்தில நிண்டுதான் ஸ்டார்ட் பண்ணுவான்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊர்க் கராஜில் அது முறை. வேலை முடித்த வண்டியில் வேலைக்காரன் இருக்கக்கூடாது. சொந்தக்காரர் வந்து, தேங்காய் உடைத்து, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அவர்தான் முதலில் ஏற வேண்டும். அதுவரைக்கும் அந்த இருக்கை அவருடையதும் சுவாமியுடையதும். பழகிய பழக்கம் கடல் தாண்டியும் விடவில்லை.

ரொன் ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தார். மெரே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கட ஆக்களும் அந்த மலையின்ரை உச்சியில ஏறமாட்டம்" என்றாள். "அம்மா வழி எல்லாரும் அந்த மலை அடிவாரம்தான். நான் இவ்வளவு காலம் அங்கை வேலை செய்யிறன், உச்சியில கால் வைச்சதில்லை. அது எங்களுக்குப் பெரியாள். தலையில மிதிக்கிறதோ?" பிறகு இருக்கையைத் தட்டினாள். "இதின்ரை ஆள் நான்தானே? அப்ப நான் ஏறலாம்."

ஏறினாள். ஏறின விதத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் போல் காலை அகட்டி இருக்கவில்லை. வலது காலைப் பக்கத்து மிதிபலகையில் ஊன்றி, இடது முழங்காலை இருக்கையின் முன்பக்கம் மடித்து, கைபிடிமேல் சாய்ந்து நின்றாள். "குள்ளம் எண்டபடியால் இப்பிடித்தான் எனக்குப் பாதை தெரியும்" என்றாள்.

நான் நூலைப் பார்த்தேன்.

கட்டைகளின் நுனிகள் மெல்ல உள்ளுக்குத் திரும்பின. என் கண்ணுக்கு முன்னாலேயே, சவர்க்காரத் தண்ணீரில் வழுக்கி, இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தன. இடது கட்டை வலதை விடக் கூடத் திரும்பியது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் களைத்துப்போயிருந்தது. வெறும் வண்டியில் அது தன் களைப்பைக் காட்டவில்லை.

"இறங்கும்" என்றேன். இறங்கினாள். நுனிகள் விரிந்தன. "ஏறும்." கூடின.

ரொன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சந்தோஷத்தில்தான்.

லொறிக்கு ஒரு மனிதன் ஓர் ஈ. ஏறினாலும் இறங்கினாலும் லொறிக்குத் தெரியாது. இந்த வண்டி அப்படியில்லை, ஏறுகிற ஆளின் பாரமும் சாய்வும் இதற்குப் பாதி உடம்பு. நான் மெரே இல்லாத வண்டியை நேராக்கி நேராக்கி மெரேயிடம் அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு அப்போது எங்கள் கோயில் குதிரை வாகனம் ஞாபகம் வந்தது. இளந்தாரியாக நான் அதற்குத் தோள் கொடுத்தவன். வெறும் வாகனத்தைத் தூக்கித் தோள் உயரம் பார்த்து ஆட்களை நிறுத்தினால், சுவாமியை எழுந்தருளப்பண்ணின உடனே எல்லாம் மாறிவிடும். ஒருவன் தோள் நசியும், மற்றவன் தோளில் தண்டு தொடாது. சுவாமி ஏறின பிறகுதான் ஆள் மாற்றி, தோள் மாற்றி, வீதிக்கு இறங்குவோம். அது எனக்குத் தெரிந்த விஷயம். அந்த மழை நாளில் மெரே முழங்காலை மடித்து நின்றபோதுதான் அதுவும் இதுவும் ஒன்று என்று பட்டது.

பிறகு நடந்தது வேலை. இடது ஸ்பிரிங்கை மாற்றினோம். மெரேயை ஏற்றி வைத்துக்கொண்டே தண்டை முறுக்கினேன். அவள் அசையாமல், அதே சாய்வில், கால் விறைக்க நின்றாள். ரொன் பின்னால் கொளுக்கியை அழுத்தி, காயக்காரர் படுக்கையின் பாரத்துக்குப் பதிலாகத் தானே தொங்கினார். "இவ்வளவு காலத்தில முதல் முறையா என்ரை பாரத்துக்கு ஒரு பிரயோசனம்" என்றார். நுனிகள் மயிரளவு விரிந்து நின்ற இடத்தில் நட்டை இறுக்கினேன். மெரே ஒருமுறை கூட "முடிஞ்சுதோ?" என்று கேட்கவில்லை.

புறப்படும்போது என்னிடம், "சொந்தக்காரர் முதல் ஓட்டத்துக்குப் பழம் வைக்கவேணும் எண்டனீங்கள். மலைக்கு நீங்களும் வாங்கோ. பழமும் கொண்டு வாங்கோ" என்றாள்.

5

எங்கள் வாடகை வீட்டின் பின்வளவில் ஓர் எலுமிச்சை நிற்கிறது. இங்கே எலுமிச்சை குளிர்காலத்தில்தான் காய்த்துத் தள்ளும், மாங்காய் அளவில், மஞ்சளாக. இரண்டு பழம் பிடுங்கி, தவமணி தந்த விபூதிச் சரையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ரொன்னோடு மலைக்குப் போனேன்.

பனியை அன்றுதான் முதன்முதல் கண்டேன். இறங்கி நின்றவுடன் சப்பாத்தைக் கழற்றப் போனேன். அவ்வளவு வெள்ளையில் எப்படிச் சப்பாத்தோடு மிதிப்பது? ரொன் தோளில் பிடித்து நிறுத்தினார்.

வண்டிக்கு விபூதி பூசினேன். கட்டை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பழம் வைத்தேன். மெரே ஏறி, முழங்காலை மடித்து, மெல்ல முன்னே எடுத்தாள். நான் பழம் நசியும் சத்தத்துக்குக் காத்துநின்றேன். சத்தம் வரவில்லை. இரண்டு பழமும் நசியாமல் முழுசாகப் பனிக்குள் அமிழ்ந்துபோயின. மேலே இரண்டு கோடு மட்டும் கிடந்தது.

பழம் நசியாமல் போனால் நல்லதில்லை என்று எங்கள் ஊர்க் கராஜ் முதலாளி சொல்லுவார். என் முகத்தைப் பார்த்து மெரே இறங்கி வந்தாள்.

"என்ன?"

"பழம் நசியேல்லை."

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள், மேலே உச்சியைப் பார்த்தாள். "மலை எடுத்திட்டுது" என்றாள். "வேறென்ன வேணும்?"

பின் இருக்கையைக் காட்டி, "ஏறுங்கோ" என்றாள். "இப்ப நான் ஓட்டியாச்சு. இனி நீங்கள் இருக்கலாம்தானே?"

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். கொஞ்சத் தூரம் போனதும் அந்த ஒடுக்கப் பாதை வந்தது. ஒரு பக்கம் கறுத்த பாறை. மறுபக்கம் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கவும் தைரியமில்லை. பஞ்சாட்சரத்தை வாய்விட்டே சொன்னேன். வண்டி, மணலில் நூல் இழுத்த மாதிரிப் போனது. மெரே தோளுக்கு மேலால் என்னவோ கத்தினாள். காற்றில் விளங்கவில்லை. ஒரு கையை விட்டுத் தூக்கிக் காட்டினாள். மற்றக் கை கைபிடியில் சும்மா கிடந்தது, கன்றுக்குட்டியின் முதுகில் வைத்த மாதிரி.

திரும்பி வந்து இறங்கியதும் அவள் ரொன்னிடம் நேரே போனாள். "எங்கட மனேஜருக்கு நான் சொல்லுறன். வண்டி எல்லாம் இஞ்சைதான் வரும். ஆனால் ஒரு நிபந்தனை. முன்பகுதி இவர்தான் செய்யவேணும், ஓட்டுற ஆளை ஏத்தி வைச்சு."

ரொன் என்னைப் பார்த்தார். "கடிதம் திங்கட்கிழமை, மேட்" என்றார். நான் பாறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

6

அதற்குப் பிறகும் மாதங்கள் பிடித்தன. கொழும்பில் மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் அத்தாட்சி, படம் சரியில்லை என்று இன்னொரு படம். கடைசியில் ஒரு காலை சுகந்தி மெலிந்துபோய் விமான நிலையக் கதவால் வந்தாள். தவமணி அவளைக் கட்டிப்பிடித்தபடி விடவே இல்லை. வானதி கொஞ்சம் தள்ளி நின்று "ஹாய்" என்றாள். சுகந்தி, "ஓம், வளர்ந்திட்டாய்" என்றாள். அடுத்து என்ன கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. காரில் பின்னால் இருக்கும்போது வானதி தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அக்காவின் மடியில் போட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அது போதும்.

இன்றைக்கும் ரானுயியில்தான் இருக்கிறோம். அந்த வண்டி கிழடாகி நிறுத்தப்பட்டபோது மெரே அதன் இடது கட்டையைக் கழற்றி எனக்கு அனுப்பிவைத்தாள். கராஜில் சாத்தி வைத்திருக்கிறேன். நவராத்திரி முடிவில் வாணிவிழா நேரம் ஆயுதங்களோடு அதற்கும் சந்தனம் வைப்பேன். ஊரை விட்டு வந்த இடத்தில் நாதியற்றுப் போவோம் என்று பயந்து வந்தவன் நான். கதவு திறந்த ஒரு பெண்மணியும், என் பிழையைத் தன் பிழை என்ற முதலாளியும், எண்ணெய்த் தரையில் படுத்து நூல் பார்த்த மெரேயும் இங்கே இருந்தார்கள். ஆண்டவன் அனுப்பினான் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் அவன் அனுப்பியது ஆட்களை. எலுமிச்சம்பழத்துக்கு ஸ்பிரிங் மாற்றத் தெரியாது.

வாசித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதை ஏற்கெனவே ஊர் சுற்றுகிறது, இனியும் சுற்றும். நீங்கள் அடுத்தவருக்குச் சொன்னால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பழம் நசிந்தது என்று சொல்லாதீர்கள், அது நசியவில்லை. கனகசபை வண்டியைத் திருத்தினான் என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். மெரே ஏறி நின்றாள், அதற்குப் பிறகுதான் என் நூலுக்கு உண்மை தெரிந்தது. அப்படியே சொல்லுங்கள்.